ஐவர் கண்ட ஒருவன்



சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஒரு பழைய தமிழ்ப் படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நானும், பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையாரும். அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. தெருவில் காதில் விழுந்த தமிழே அவர் அறிந்த தமிழ். படத்தில் பண்டரிபாய் நடித்திருக்கிறார் என்று பேச்சுவாக்கில் நான் சொன்னதுதான் அவரை எங்கள் கூடத்துக்கு அழைத்து வந்தது. கன்னட நாட்டில் அந்தத் தலைமுறைப் பெண்களுக்குப் பண்டரிபாய் என்றால் தாய் வீட்டு மனுஷி. 1954-ஆம் ஆண்டு வெளிவந்த 'பேடர கண்ணப்பா' என்னும் கன்னடப் படத்தில், ராஜ்குமார் முதன்முதலாகக் கதாநாயகனாகத் தோன்றியபோது, அவருக்கு மனைவியாக நடித்தவர் பண்டரிபாய். தமிழில் சிவாஜி கணேசனின் முதற்படமாகிய 'பராசக்தி'யில், 1952-இல், அவருக்கு இணையாக நடித்தவரும் அவரே. இரு மொழிகளின் இரு பெரும் நடிகர்களுக்கும் முதல் ஜோடி என்ற பெருமை வேறு எவருக்கு உண்டு?

நாங்கள் பார்த்த படம் 'அந்த நாள்'. அதுவும் 1954-ஆம் ஆண்டு வந்ததுதான். ஏ.வி.எம். நிறுவனம் எடுத்தது, இயக்கியவர் எஸ். பாலசந்தர். ஏப்ரல் 13-ஆம் நாள் வெளியாயிற்று. காமராசர் சென்னை இராஜ்யத்தின் முதலமைச்சராகப் பதவியேற்றதும் அதே நாளில்தான். ஆனால் அந்தப் படத்துக்கு அது நல்ல நாளாக அமையவில்லை. சினிமா வரலாறு எழுதுவோர் தவறாமல் அதைக் குறிப்பிடுவார்கள். உட்கார்ந்து முழுதும் பார்த்தவர்களோ, என் அனுபவத்தில், மிகக் குறைவு. வெளிமாநிலங்களில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச விரும்பினேன்.

அந்தப் படத்தில் பாட்டு இல்லை. ஆடல் இல்லை. சண்டைக் காட்சி இல்லை. தமிழில் இவை மூன்றும் இல்லாமல் வந்த முதற்படம் அதுவே. ஒரே படத்தில் ஐம்பது பாட்டு வரை கேட்டுப் பழகிய ரசிகர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்! காசைத் திருப்பிக் கொடு என்று சில கொட்டகைகளில் கூச்சலிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. வசூலில் படம் தோற்றது. மத்திய அரசின் தேசிய விருதுகளில் அதற்குத் தகுதிச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. அந்த ஆண்டு தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ள'னுக்குச் சென்றது. பாட்டு, ஆட்டம், சண்டை மூன்றும் நிறைந்த படம் 'மலைக்கள்ளன்' என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் விந்தை என்னவென்றால், பாட்டில்லாத படத்தை எடுத்த மனிதர் சாதாரண இசைஞர் அல்லர். பிற்காலத்தில் 'வீணை' என்ற சொல்லையே தம் பெயருக்கு முன்னால் பட்டம்போலப் பெற்ற அதே பாலசந்தர்தான். அப்போது அவருக்கு வயது 27. 'தில்லானா' போடத் தெரியாமல் விட்டவரல்லர். வேண்டாம் என்று விட்டவர். என்ன கிடைக்கும் என்பதற்காக அதை விட்டார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கதையைச் சிறிது சொல்கிறேன். 1943-ஆம் ஆண்டுச் சென்னை. ஜப்பானியக் குண்டு விழுந்து நகரம் கலங்கி நிற்கும் சமயம். படம் தொடங்கிய சில கணங்களில் துப்பாக்கி வெடிக்கும் ஓசை; ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுருண்டு விழுந்து இறக்கிறான். அவனாக நடிப்பவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் முதற்காட்சியிலேயே இறந்துபோகிறான். அவன் மனைவி உஷா, தம்பி, தம்பியின் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், அவனோடு தொடர்புடைய நாட்டியக்காரி ஒருத்தி. இவர்களைத் துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒருவர் இன்னொருவரைச் சுட்டுகிறார். சுட்டப்பட்டவர் வேறொருவரைச் சுட்டுகிறார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் இறந்தவன் எழுந்து நடமாடுகிறான். ஒவ்வொரு முறையும் வேறு மனிதனாக.

கொன்றவர் யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. கொல்லப்பட்டவன் யார் என்பதைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன்.

போருக்குப் பின் மேல்நாடுகளில் இத்தகைய படங்கள் ஒரு தனி வகையாகவே வளர்ந்தன. போர் முடிந்து 1946-இல் அமெரிக்கப் படங்கள் ஒருமிக்கப் பாரிஸ் நகருக்கு வந்து சேர்ந்தபோது, அவற்றில் படிந்திருந்த இருளைக் கண்டு பிரெஞ்சு விமர்சகர்கள் அவற்றுக்கு 'ஃபிலிம் நுவார்' என்று பெயரிட்டார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லுக்குச் சொல் வைத்துக் 'கறுப்புப் படம்' என்றால், கறுப்பு வெள்ளைப் படம் என்றே நம்மவர் கொள்வர். தொழில் பழக்கத்தால் இப்படிப்பட்ட சொற்களுடன் மல்லுக்கு நிற்பது எனக்கு வழக்கம். 'இருள்நிழற் படம்' என்று வைத்துக்கொள்வோம். விளக்கு ஒரு பக்கம் எரியும், முகத்தின் மறுபாதி தெரியாது. குற்றம் செய்தவன் நம்மைப் போன்ற சாதாரண மனிதனாக இருப்பான். கடந்த காலம் அவனைத் துரத்திக் கொண்டே வரும். 1946-இல் வந்த 'தி கில்லர்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்திலும் தொடக்கத்திலேயே ஒருவன் கொல்லப்படுகிறான். அவனை அறிந்தவர்கள் சொல்லச் சொல்ல அவன் வாழ்க்கை நமக்குத் தெரிய வருகிறது. 'அந்த நாள்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் சாதாரண வீட்டுக் கூடத்தையும் மாடிப்படியையும் நிழல்களால் நிரப்பியிருக்கிறார். நம் வீட்டு மாடிப்படி இவ்வளவு அச்சம் தரக்கூடியதா என்று வியப்பாக இருந்தது.

பாலசந்தருக்கு வித்திட்டது ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்'. 1950-இல் வந்து, அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற படம். ஒரு திரைப்பட விழாவில் அதைப் பார்த்த பாலசந்தர், அதே பாணியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்கு அனுப்பினார் என்றும், வானொலி அதை ஏற்கவில்லை என்றும், அதன் பிறகே அது ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் படக்கதையாகப் போனது என்றும் சொல்வார்கள். வானொலிப் பேச்சிலேயே இதைச் சொல்ல நேர்வது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கதாநாயகனின் தொழில் வானொலி என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது.

உரையாடலை எழுதியவர் ஜாவர் சீதாராமன். அவரே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்திருக்கிறார். 'ஜாவர்' என்பது குடும்பப் பெயரன்று. விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ல' நாவலைத் தழுவி 1950-இல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் அவர் ஏற்ற இன்ஸ்பெக்டர் பாத்திரத்தின் பெயர். பாத்திரம் போய்ப் பெயர் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

வெளியூரில் வாழும் தமிழராகிய நமக்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. ராஜன் வேடத்துக்குச் சிவாஜிக்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர் உண்டு. கல்கத்தாவில் பேராசிரியராகவும் மேடை நடிகராகவும் விளங்கிய என். விசுவநாதன் என்னும் தமிழர். ஒரு பகுதி எடுத்தபின் மாற்றம் நிகழ்ந்தது. அவர் திரும்பிப் போனார். சில ஆண்டுகள் கழித்து, 1962-இல், சத்யஜித் ராயின் 'காஞ்சன்ஜங்கா'வில் மணமகனாக வரவிருக்கும் வங்காளக் கனவானாக அவர் தோன்றினார். சென்னையில் கைநழுவிய வாய்ப்பு டார்ஜிலிங் மலையில் வேறு உருவில் வந்து சேர்ந்தது. அவரைத் தமிழர் என்று அறியாமலே அந்தப் படத்தைப் பார்த்த தமிழர் எத்தனை பேரோ!

சிவாஜி வந்தது படத்துக்கு நன்மையாயிற்று என்பதே என் எண்ணம். அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் 'மனோகரா' வந்தது. சங்கிலிகளை அறுத்துக்கொண்டு முழங்கிய அந்தக் குரலை நாடே கேட்டது. ஆறு வாரம் கழித்து அதே மனிதர் மெல்லிய குரலில், பாதி சொல்லி மீதியை விழுங்கும் ஒரு நகரவாசியாக வருகிறார். அவர் முழங்கத் தெரிந்தவர் என்பதை நாம் அறிந்திருப்பதால், இந்த அடக்கம் நம்மை இன்னும் அஞ்ச வைக்கிறது.

இனி என் கூடத்துக்குத் திரும்புகிறேன். பாட்டுக் காட்சி வந்தால் மொழிபெயர்ப்பவருக்கு ஓய்வு, காபி கலக்கலாம். இந்தப் படத்தில் அந்த ஓய்வுக்கு இடமே இல்லை. எல்லாம் வாக்குமூலம், ஒரு சொல் தவறினாலும் கதை தவறும். நான் தமிழில் கேட்டுக் கன்னடத்தில் தாழ்ந்த குரலில் சொல்லிக் கொண்டே வந்தேன். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருபது ஆண்டு காகிதங்களோடு பழகியவள் நான். ஆனால் இப்படி வாய்ப்பேச்சை உடனுக்குடன் மாற்றிச் சொல்லியதில்லை.

அப்போது எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊழியரைப் பற்றிய விசாரணையில் நால்வர் தமிழில் கொடுத்த வாக்குமூலங்களை ஆங்கிலமாக்கும் பணி எனக்கு வந்தது. ஒருவர் அந்த ஊழியரை 'அவர்' என்று எழுதியிருந்தார். ஒருவர் 'அவன்' என்று. ஒருவர் முதற்பக்கத்தில் 'அவர்' என்று தொடங்கி, மூன்றாம் பக்கத்தில், தம்மை அறியாமலே 'அவன்' என்று முடித்திருந்தார். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல்லாயின. யார் யாரை வெறுத்தார் என்பது என் மொழிபெயர்ப்பில் மறைந்து போயிற்று. விதிப்படி பிழை ஒன்றுமில்லை, கையெழுத்திட்டு அனுப்பினேன். ஓரத்தில் ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

கன்னடத்தில் அந்தத் தொல்லை இல்லை. நம்முடைய அவன், அவர் இரண்டுக்கும் அங்கே நேரான சொற்கள் உண்டு. ஆகவே ஒவ்வொரு சாட்சியும் ராஜனை எந்த உயரத்தில் வைத்துப் பேசுகிறார் என்பதை அம்மையாருக்கு அப்படியே கொடுக்க முடிந்தது. அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "இவர்கள் கொலையைப் பற்றிப் பேசவில்லை, அம்மா. தங்களுக்கு அவன் என்ன செய்தான் என்பதைத்தான் பேசுகிறார்கள்" என்றார்.

பெரிய விமர்சகர்கள் சொல்லாத ஒன்றை அந்த அம்மையார் சொல்லிவிட்டார் என்றே நினைக்கிறேன். 'ராஷோமோ'னோடு இப்படத்தை ஒப்பிடுவோர் ஒரு வேற்றுமையைக் கவனிப்பதில்லை. அங்கே ஒரே நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர்களே அதை வெவ்வேறாகச் சொல்கிறார்கள். உண்மை எது என்று கடைசிவரை தெளிவதில்லை. இங்கே உண்மை இருக்கிறது. முடிவில் கிடைத்தும் விடுகிறது. ஆனால் சாட்சிகள் கொலையை வர்ணிக்கவில்லை, சந்தேகத்தை வர்ணிக்கிறார்கள். பணத் தகராறில் நொந்தவருக்கு அவன் கல்நெஞ்சன். ஆசை வைத்தவளுக்கு வேறொருவன். ஒருவரைக் கொலைகாரர் என்று சுட்டும் விரல், சுட்டுகிறவரின் மனத்தையே நமக்குக் காட்டிக் கொடுக்கிறது. பாட்டையும் ஆட்டத்தையும் நீக்கிவிட்டுப் பாலசந்தர் பெற்றது இதைத்தான். இடையே எழுந்து மூச்சு விட இடமில்லாமல், ஐந்து மனிதர்களின் பேச்சை நாம் கேட்டே ஆகவேண்டும். படம் பார்க்க வந்தவர்களை அவர் ஜூரிகளாக உட்கார வைத்துவிட்டார்.

இந்த முறை வேறு மொழிகளிலும் பின்னர் வந்தது. கமல்ஹாசனின் 'விருமாண்டி' 2004-இல் இரு கைதிகளின் இரு கூற்றுகளாக அமைந்தது. 2014-இல் ரக்ஷித் ஷெட்டி எடுத்த 'உளிதவரு கண்டந்தே' என்னும் கன்னடப் படமும் உடுப்பிக் கடற்கரையில் நடக்கும் இத்தகைய கதைதான். 'மற்றவர்கள் கண்டபடி' என்பது அப்பெயரின் பொருள். அதை அம்மையாரின் மகன் சொல்லி நான் பின்னர் பார்த்தேன். நல்ல படம், சற்று நீளம்.

கதை முடிவை நெருங்கும்போது ராஜனின் உண்மை உருவம் வெளிப்படுகிறது. திறமைசாலி. தன் திறமைக்குத் தன் நாட்டில் மதிப்பில்லை என்ற கசப்பு அவனுக்குள் ஊறிக் கிடக்கிறது. அந்தக் கசப்பால் ஜப்பானியருக்கு இரகசியங்களை விற்கும் ஒற்றனாகிறான். அவன் மனைவியோ நாட்டுப்பற்றில் வளர்ந்தவள். பண்டரிபாயின் முகத்தில் அப்போது நிகழ்வதை வார்த்தையில் சொல்ல இயலாது. இரண்டு பேர் ஒரே முகத்தில் வழக்காடுகிறார்கள். அந்த இடத்தில் அம்மையார் என் பக்கம் திரும்பி, "இவன் யார்? என்ன சொல்லித் திட்டுகிறார்கள்?" என்று கேட்டார்.

துரோகி என்பதே சொல். அதை மொழிபெயர்க்கவே வேண்டாம். கன்னடத்திலும் அதே சொல்தான். ஆனாலும் எனக்கு உடனே வாய் வரவில்லை.

காரணம் வீட்டுக் கதை. என் தாத்தாவின் தம்பி இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பினாங்குக்குப் போனவர். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார் என்று கேள்வி. ஊர் திரும்பவில்லை. என் தந்தைக்கு அவர் நேதாஜியின் வீரர். பண்டிகை நாளில் அவருக்கென்று ஓர் இலை போட வேண்டும் என்பார். பாட்டிக்கு அவர் கடன் வைத்துவிட்டு ஓடிப்போன கொழுந்தன். பர்மாவிலிருந்து 1942-இல் நடந்தே வந்த இன்னோர் உறவினர், வழியில் ஜப்பானியக் குண்டில் உற்றவர்களை இழந்தவர். அவர் எதிரில் இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். ஒருமுறை மட்டும், வாசற்படியில் நின்று, நான் மேலே சொன்ன அந்தச் சொல்லைச் சொன்னார். என் தந்தை அவரோடு ஓராண்டு பேசவில்லை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு புகைப்படம்; சாயம் போனது; அதில் அவர் சாதாரண வேட்டி சட்டையில் நிற்கிறார்.

சென்னையில் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில். நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தது அதே அக்டோபர் 21-ஆம் நாள். ஜப்பானோடு கைகோத்தது ஓரிடத்தில் தேசபக்தி, மற்றோரிடத்தில் துரோகம். இரண்டுக்கும் இடையே சில நாட்களும் ஒரு கடலும். மலாயாவிலும் பர்மாவிலும் உறவினரை வைத்திருந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இது புத்தகச் செய்தியன்று.

படத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். ராஜன் நேதாஜியின் படையாள் அல்லன். நாட்டு விடுதலைக்காக அவன் எதையும் செய்யவில்லை. தன் ஊரார் தலையில் விழப்போகும் குண்டுக்கு வழிகாட்டத் துணிந்தவன். உஷாவின் சினத்தை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் விடுதலை பெற்று ஏழே ஆண்டுகளான நாட்டில், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு தீர்ப்பைப் படம் விரும்பியது என்று தோன்றுகிறது. அதற்கு முன் ஒன்றரை மணி நேரம், ஒருவனைப் பற்றிப் பிறர் சொல்வதை எளிதில் நம்பாதே என்று காட்டிவிட்டு, கடைசியில் ஒரே சொல்லில் அவனை அடைத்துவிடுவது எனக்குச் சற்று உறுத்துகிறது. அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் படம் காட்டவே செய்கிறது. அதோடு நின்றுவிடாமல் இன்னும் சிறிது நேரம் அதன் அருகே அமர்ந்திருக்கலாம். குறை என்று சொல்லத் தக்கது எனக்குத் தெரிந்து இது ஒன்றே.

பாலசந்தரைப் பற்றி ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. 1964-இல் 'பொம்மை', 1970-இல் 'நடு இரவில்' என்று மேலும் சில மர்மப் படங்களை எடுத்தபின், அவர் திரைப்படத்தை விட்டு வீணையோடு வாழ்ந்தார். 1990-ஆம் ஆண்டு பிலாயில் காலமானார். உருக்காலைக்காக வந்து குடியேறிய தமிழர் பலர் வாழும் ஊர் அது. நாள், ஏப்ரல் 13. 'அந்த நாள்' வெளிவந்து சரியாக 36 ஆண்டு. தற்செயல்தான், இருந்தாலும் முதன்முதலில் அறிந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அன்று மாலை, சிறிது தயங்கிய பிறகு, அம்மையாருக்கு அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. படம் முடிந்தது. வெளியே மழை விட்டிருந்தது. மகன் வந்து அழைத்தான். அவர் எழுந்திருக்காமல், "முதற்காட்சியை இன்னொரு தடவை போடு, அம்மா. முதலில் பார்த்தபோது அவன் யாரென்று தெரியாது. விழும்போது முகம் எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவில்லை" என்றார்.

போட்டேன். துப்பாக்கி வெடித்தது, அவன் விழுந்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் போடச் சொன்னார்.